ஸ்கார்பியோவைக் கொடுத்து எக்ஸ்.யு.வி. 700 எடுத்தோம்: ஒரு பழைய கார் கடையில் கண்டதும் காணாததும்

பதின்மூன்று ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தைச் சுமந்த 2012ஆம் ஆண்டு மஹிந்திரா ஸ்கார்பியோவைக் கடந்த நவம்பரில் கொடுத்துவிட்டு, 2022இல் பதிவாகி 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்த எக்ஸ்.யு.வி. 700 டீசல் வண்டி ஒன்றை எடுத்தோம். கொடுத்ததும் எடுத்ததும் கோவை அவினாசி சாலையில் உள்ள ஒரே பழைய கார் கடையில்தான். வண்டியைப் பொறுத்தவரை அந்தக் கடை எங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டது. ஆவணங்களைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஆகவே கடையின் பெயரைத் தவிர்த்து நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்கார்பியோவை மாற்றக் காரணம் அதன் பின்புற இருக்கைகள். பக்கவாட்டில் எதிரெதிராகப் பார்த்தபடி அமரும் அந்த இருக்கைகளில் சீட் பெல்ட் கிடையாது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அதை ஊஞ்சல் போலக் கொண்டாடினார்கள், நாங்களும் பெரிதாக யோசிக்கவில்லை. வால்பாறை மலைப்பாதையில் ஒருமுறை திடீரென பிரேக் பிடித்தபோது மகள் எதிர் இருக்கையின் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த இருக்கையில் யாரையும் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே பெயரில் பின்னாளில் வந்த ஸ்கார்பியோகூட, காற்றுப்பை இல்லாத வகையில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் 2016ஆம் ஆண்டு சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. எக்ஸ்.யு.வி. 700 வண்டியோ 2021இல் இரண்டு காற்றுப்பைகளுடன் சோதிக்கப்பட்டு, பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைகளுக்கு நான்கு நட்சத்திரமும் பெற்றது. புதிய வண்டி எடுக்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லாததால், பழையதில் நல்லதாகத் தேடினோம்.

மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். முதல் கடையில் எங்கள் ஸ்கார்பியோவுக்கு நான்கு லட்சம் என்றார்கள். கேட்டதும் மனம் குளிர்ந்தது. ஆனால் அவர்கள் காட்டிய எக்ஸ்.யு.வி.க்கு 15.90 லட்சம் கேட்டார்கள். நாங்கள் கடைசியாக வாங்கிய கடையிலோ ஸ்கார்பியோவுக்கு 3.20 லட்சம், அதே வகை வண்டிக்கு 14.60 லட்சம். கையிலிருந்து போட வேண்டிய தொகை அங்கே 11.90, இங்கே 11.40. பழைய வண்டிக்கு எவ்வளவு தருவார்கள் என்ற கேள்வியோடு கடைக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் அந்த முதல் கடையில்தான் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு விலையையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு, வித்தியாசத் தொகையை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யு.வி.க்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் என்றிருந்த மொத்த வரி, ஒரே 40 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புதிய வண்டியின் விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தானே வேண்டும்? முதல் கடைக்காரர் செப்டம்பருக்கு முந்தைய விலையிலேயே நின்றார்.

இரண்டாவது கடையில் பார்த்த வண்டியை நான் இன்னும் மறக்கவில்லை. சென்னைப் பதிவு, ஒரே உரிமையாளர், பளபளப்பான வெள்ளை நிறம், ஓடியது 38,000 கிலோமீட்டர்தான். என்னோடு வந்திருந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே பின் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது முடியும் இடம் வரைக்கும் மெதுவாக வெளியே இழுத்தார். கடைசி ஒரு சாண் துணியில் காப்பிக் கறை போல ஒரு கோடு ஓடியது. விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார்; மெல்லிய சேறு. பிறகு முன் இருக்கைக்கு அடியில் கைப்பேசி விளக்கை அடித்துக் காட்டினார். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்துச் சிவந்திருந்தன. "தம்பி, இது தண்ணியில நின்ன வண்டி. இன்னைக்கு ஓடும், வயரிங் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, வேண்டாம்," என்றார். மேலே இருக்கும் பாலிஷைப் பார்ப்பதை விட சீட் பெல்ட்டின் அடி நுனியைப் பார்ப்பது நல்லது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது கடையில், நாங்கள் கேட்காமலே, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் இருந்த வண்டியின் முழு சர்வீஸ் வரலாற்றையும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். இடதுபக்கப் பின்கதவு ஒருமுறை டிங்கரிங் செய்து பெயிண்ட் அடிக்கப்பட்டது என்பதையும் அவர்களே முதலில் சொன்னார்கள். வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனர் மாட்டிப் பார்க்க விட்டார்கள். எஞ்சின் சூடாகாத நிலையில் முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்னதும், மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்துவைத்திருந்தார்கள். புதிய அவினாசி சாலை மேம்பாலத்தில் முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்தோம். நான்கு டயர்களும் ஒரே வாரத்தில் தயாரானவை என்பதை டயர் ஓரத்து நான்கு இலக்க எண் காட்டியது. ஓடிய தூரத்தோடு அது பொருந்தியது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஸ்கார்பியோவில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிய என் அம்மா இதில் தானாகவே ஏறி உட்காருகிறார். எனக்கு அதுவே பெரிய லாபம். மேடான சாலையில் இந்த 2.2 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு மூச்சு வாங்குவதே இல்லை. ஏழு இருக்கைகளும் முன்னோக்கியவை, எல்லாவற்றுக்கும் பெல்ட் உண்டு. ஆனால் மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்குத்தான் சரிப்படும். அதை நிமிர்த்திவிட்டால் பின்னால் இரண்டு சிறிய பைகளுக்குமேல் இடமில்லை. ஏழு பேர் பழனிக்குப் போவதென்றால் கூரைக் கேரியர் வேண்டும். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தினமும் நான்கு கிலோமீட்டர் அலுவலகம் போய்வருவதற்கு மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். ஆகவே வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுகிறேன். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள் பெட்ரோல் எடுப்பதே மேல்.

இனி ஆவணங்கள். ஸ்கார்பியோவின் உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கான 29, 30ஆம் படிவங்களில் வாங்குபவர் பெயரை வெற்றாக விட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். இது ஊரெங்கும் உள்ள வழக்கம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் என்றால் வண்டியை அவர் பொறுப்பில் ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு முறைப்படி தெரிவிக்க 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. இந்தக் கடையிடம் அந்த அங்கீகாரம் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், நான் விடவில்லை. வண்டியை ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதி, கடை முத்திரையுடன் ரசீது வாங்கினேன். பெயர் மாற்றம் முடியும்வரை தர வேண்டிய தொகையில் 25,000 ரூபாயை நிறுத்திவைப்பதாக அதிலேயே எழுதச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். என் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு எதுவும் கேட்காததற்காகப் பிரீமியத்தில் தரும் 50 சதவீதத் தள்ளுபடியான நோ க்ளைம் போனஸுக்கான சான்றும் வாங்கிப் புதிய வண்டியின் பாலிசியில் சேர்த்தேன். அந்தப் போனஸ் வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடுதான் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாஸ்டேகை மட்டும் மூட மறந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் மாலை, விஜயமங்கலம் சுங்கச்சாவடியை என் ஸ்கார்பியோ கடந்ததாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. வண்டி கடையில்தான் நிற்கிறது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்கள். போன் செய்தேன். "ஈரோட்டுப் பார்ட்டி ஒருத்தர் எடுத்துட்டாருங்க சார், பேரு மாத்திடுவாங்க," என்றார் மேலாளர், மிகச் சாதாரணமாக. என் பெயரில் உள்ள வண்டியை முகம் தெரியாத ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. மறுநாளே பாஸ்டேகை மூடி, விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டப்படி, ரசீது நகலுடன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பதினைந்து நாளில் முடியும் என்று கடை சொன்ன பெயர் மாற்றம் முடிய 47 நாட்கள் ஆயின. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் எங்கள் பழைய வண்டி எண்ணைத் தட்டி, உரிமையாளர் பெயர் மாறியிருப்பதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த 25,000 ரூபாயை அனுப்பினேன்.