சீல் வைத்த பெட்டிக்குள் 2004

மலை நடைக்குக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் ஏமாந்த கதைதான். பாதி விற்றவர் செய்தது, மீதி என் சோம்பேறித்தனம்.

போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். குளிரில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும், மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை மசியாது. அதனால் பட்டன் வைத்த, ஏஏ பேட்டரி போடுகிற மாடல்தான் வேண்டும் என்று தேடினேன். ஓர் ஆன்லைன் விற்பனையாளரிடம் கிடைத்தது. மற்ற இடங்களைவிட விலை நன்றாகவே குறைவு. ‘புத்தம் புதியது, முழு மேப் உண்டு, உயரமானி உண்டு’ என்று போட்டிருந்தார்கள். கீழே வரிசையாக நல்ல விமர்சனங்கள். சரி என்று வாங்கிவிட்டேன்.

பெட்டி சீலுடன்தான் வந்தது. பேட்டரி போட்டேன், திரை எரிந்தது. வீட்டுக்குள் சாட்டிலைட் எங்கே கிடைக்கப்போகிறது என்று அணைத்து அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் அங்கேயே கிடந்தது.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை, மலைக்குப் போனோம். அடிவாரத்தில், தலைக்கு மேல் வெட்டவெளி வானம் இருக்கும்போதே, இடத்தைப் பிடிக்க அதற்குக் கால் மணி நேரம் ஆனது. கூட வந்த நண்பரின் கருவி ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிட்டது. சாட்டிலைட்டுகளைக் காட்டும் திரைப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை இருக்கும்; அவருடையதில் இருபதுக்கு மேல் பட்டைகள், என்னுடையதில் ஏழு. இப்போது வரும் கருவிகள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ என்று வேறு சாட்டிலைட்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும். என் கையில் இருந்தது ஜிபிஎஸ் மட்டும் தெரிந்த பழைய ஆள். அடர்ந்த மரங்களுக்குள் நுழைந்ததும், ஓடைக்கு இந்தப் பக்கம் நிற்கிற என்னை அந்தப் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டது.

‘முழு மேப்’ என்றது இன்னும் வேடிக்கை. திரையில் வெள்ளைப் பரப்பு, நடுவில் ஒரு அம்புக்குறி, ஓரத்தில் எங்கோ போகிற நெடுஞ்சாலைக் கோடு. சம உயரக் கோடுகளும் இல்லை, ஒற்றையடிப் பாதையும் இல்லை. பல கருவிகளில் கூடவே வருவது இந்த அடிப்படை மேப்தான். மலைக்கான மேப்பைத் தனியாக வாங்க வேண்டும், அல்லது தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்துச் செய்த இலவச மேப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே? இதில் மெமரி கார்டு போடும் துளைகூட இல்லை.

உயரமும் அப்படித்தான். ஒரு பாறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் நான் முப்பது மீட்டர் ஏறி இறங்கியதாகக் காட்டியது. உள்ளே பாரோமீட்டர் இல்லை. காற்றழுத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டிய உயரத்தைச் சாட்டிலைட்டை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தது. சாட்டிலைட் கணக்கில் கிடைமட்ட இடத்தைவிட உயரத்தில் பிழை அதிகம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பலாமா, இன்னொரு முகடு ஏறலாமா என்ற பேச்சு வந்தபோது சூரிய அஸ்தமன நேரத்தைப் பார்த்தேன். நேரம் தாராளமாக இருப்பதாகக் காட்டியது. நண்பர் தன் கருவியைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, எனக்கு அவ்வளவு நேரம் காட்டலையே” என்றார். அப்போதுதான் திரை மூலையைக் கவனித்தேன். 29 மே 2004. கிழமை மட்டும் சனி, அது சரி!

வாரங்களை எண்ண வழக்கமான ஜிபிஎஸ் சிக்னலில் 10 பிட் இடம்தான் உண்டு, அதாவது 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். 1024 வாரம் ஆனதும் எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். கடைசியாக அப்படிப் போனது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அதற்குத் தயார் செய்யாத பழைய மென்பொருள், தேதியை அப்படியே 1024 வாரம் பின்னால் தள்ளிவிடும். வாரக் கணக்கு என்பதால் கிழமை மாறாது, இடமும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அதனால்தான் கண்ணில் படவில்லை. ஜனவரி மாலைக்கு மே மாத அஸ்தமனம். அதை நம்பி அந்த முகட்டில் ஏறியிருந்தால் இருட்டில்தான் இறங்கியிருப்போம்.

வீட்டுக்கு வந்து பேட்டரி அறையை விளக்கடித்துப் பார்த்தேன். ஸ்ப்ரிங்கின் அடிச்சுற்றில் பச்சையாகப் பூத்திருந்தது. புதுக் கருவியில் அது எங்கிருந்து வரும்? சீரியல் நம்பரைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பினேன். பல வருடங்களுக்கு முன்பே வேறொருவர் பெயரில் பதிவானது, அந்த மாடலுக்கு அப்டேட் வருவதும் நின்றுவிட்டது என்று பதில் வந்தது. விமர்சனங்களையும் அப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். பாதிப் பேர் மெமரி கார்டைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே வரிசையில் பின்னால் வந்த வேறு மாடலுக்கு எழுதியவை அவை. பெயரில் வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து.

விற்பனையாளருக்கு எழுதினேன். “சார், சீல் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் நாளும் முடிஞ்சுடுச்சு” என்றார்கள். தேதியைப் படம் எடுத்து அனுப்பினேன். “செட்டிங்ஸ்ல மாத்திக்கோங்க சார்” என்று பதில். அது சாட்டிலைட்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் தேதி, மாற்ற இடமே கிடையாது. அதைச் சொன்னதும் பதில் வருவது நின்றுவிட்டது.

கருவி வந்த அன்றே மொட்டை மாடிக்கோ மைதானத்துக்கோ எடுத்துப் போய் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சாட்டிலைட் பக்கம், தேதி, அஸ்தமன நேரம், மேப்பை நன்றாகப் பெரிதாக்கினால் பாதை தெரிகிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன்.

இன்று காலையும் போய்ப் பார்த்தேன், விளம்பரம் அப்படியே இருக்கிறது. ‘கையிருப்பில் 3 மட்டுமே’ என்று போட்டிருக்கிறார்கள். நான் வாங்கிய அன்றும் மூன்றுதான் இருந்தது.