கட்டுக்கம்பி போட்ட ஊஞ்சல்

நான்கு ஊஞ்சல் மாட்டும் இரும்புச் சட்டம். ஒன்றில் சங்கிலி மட்டும் தொங்கியது, பலகை இல்லை. இரண்டு ஆடின. நான்காவது புத்தம் புதுசு, நீலப் பலகை, துருப்பிடிக்காத சங்கிலி. அதைத்தான் சட்டத்தின் காலோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கி வைத்திருந்தார்கள். சென்ட்ரிங் வேலையில் கம்பி கட்டுவார்களே, அதே கம்பி. ஏழு சுற்று. முதல் நாளே எண்ணிவிட்டேன்.

ஜெர்மனியிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போய்வந்தோம். விமானம், ரயில், ஊட்டிக்கு இ-பாஸ் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. 1848-லிருந்து இருக்கிற அந்தத் தாவரவியல் பூங்காவும் அழகாகத்தான் இருந்தது. அதையெல்லாம் எழுத என்ன இருக்கிறது? மூன்று வாரமாக என் மண்டைக்குள் இருப்பது எங்கள் ஊர்ப் பார்க்கும் அந்த ஏழு சுற்றுக் கம்பியும்தான்.

மே கடைசியில், நாங்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு வாரம் லீவு விடுவார்கள். கத்திரி முடிந்த கையோடு போய் இறங்கினோம். மகளுக்கு ஏழு வயது. "அங்கே விளையாட என்ன இருக்கு?" என்று அவள் கேட்டபோது, "ஊர்ல பெரிய பார்க் இருக்கு" என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். நான் வளர்ந்த பார்க். அப்போதெல்லாம் சாயங்காலம் ரேடியோ ரூமிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் செய்தி வரும். அப்பா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். செய்தி முடிந்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும், எங்களுக்கு அதுதான் கடிகாரம். இப்போது அந்த ரூமில் துடைப்பமும் தண்ணீர் ஹோஸும் கிடக்கின்றன.

பத்து மணிக்குப் பூட்டி நாலு மணிக்குத் திறப்பது அந்தக் காலத்திலிருந்தே உள்ளதுதான். அதை மறந்து, மூன்று மணிக்கே எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய் கேட்டில் நின்றது என் தப்பு.

சரி, உள்ளே போனால் எல்லாம் இடம் மாறியிருக்கிறது. பெரியவர்களுக்காகப் போட்ட உடற்பயிற்சிக் கருவிகளில் குழந்தைகள் தொங்குகிறார்கள். ஆடுகிற இரண்டு ஊஞ்சலில் ஒன்றில் கல்லூரிப் பையன் ஒருவன் போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். எட்டுப் போட்ட நடைபாதையில் புடவைக்கு ஷூ போட்ட மாமிகள் கைவீசிச் சுற்றி வருகிறார்கள். சறுக்குமரத்தின் தகரம் நாலரை மணி வெயிலில் தோசைக்கல்லாகக் காய்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் வாட்டர் பாட்டிலைச் சரித்துத் தகரத்தை நனைத்துவிட்டு அதன் பிறகே சறுக்குகிறார்கள். விளையாட்டுத் திடல்களுக்கான ஐரோப்பியத் தரக் கட்டுப்பாட்டில் இந்த யோசனை இருக்காது.

அந்தக் கட்டுப்பாடு மூன்று மீட்டர் உயரத்திலிருந்து குழந்தை விழலாம் என்கிறது. அதற்குமேல் கூடாது, அவ்வளவுதான். கீழே மணலோ மரச்செதிலோ போட்டிருக்கும். ம்யூனிக்கில் என் மகள் கயிற்றுக் கோபுரத்தின் உச்சியில் தலைகீழாகத் தொங்குவாள், பெஞ்சில் இருக்கும் தாய்மார்கள் காபியிலிருந்து தலை நிமிர்த்த மாட்டார்கள். இங்கே அவள் இரண்டு படி ஏறியதும் பத்துப் பக்கமிருந்து "ஏ பாப்பா, விழுந்துடுவ!" என்று சத்தம். முன்பின் தெரியாதவர்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, அத்தனை பேரும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று உறைத்தபோது அந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

மிச்சமிருந்த ஒரே ஊஞ்சலுக்கு ஒன்பது பேர் வரிசை. ஒருத்தர் ஆடும்போது மற்றவர்கள் ஐம்பது எண்ண வேண்டும். என் மகளும் உற்சாகமாக எண்ணினாள். இருபது வரை பிரச்சினை இல்லை. அடுத்து "ஒண்ணு இருபது, ரெண்டு இருபது" என்று போனாள். ஜெர்மனில் அப்படித்தான், ஒன்றும் இருபதும் என்று சின்ன எண்ணை முன்னால் சொல்வார்கள். வரிசை அப்படியே நின்றது. முன்பல் விழுந்த ஒரு பையன், "ஐய, இருபத்தொண்ணு!" என்றான். இவள் விடவில்லை. சண்டை முடியும்வரை ஊஞ்சலில் இருந்த பெண்ணுக்கு ஆதாயம்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது பேர் நிற்கிறார்கள், புது ஊஞ்சல் கட்டிக் கிடக்கிறது. வாட்ச்மேனிடம் போனேன்.

"அது ரிப்பேர் சார்."

"எங்கண்ணே ரிப்பேர்? புதுசா இருக்கே."

"புதுசா இருக்குன்னுதான் கட்டியிருக்கு. விட்டா ரிப்பேர் ஆயிடும்."

ராத்திரி இளவட்டங்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஆடி, பழையதன் பலகையை உடைத்ததும், யாரும் கேட்டால் தன் தலைதான் உருளும் என்பதும் அவர் கட்சி. பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆடக்கூடாது என்று போர்டே இருக்கிறதே, அதைச் சொல்லி இறக்கிவிடலாமே என்று நான். அவர் அந்தக் கல்லூரிப் பையனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சொல்லிப் பாருங்க" என்றார். நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் நானே கம்பியை முறுக்கிப் பார்த்தேன், விசில் வந்தது. மூன்றாம் நாள் புகார் எண்ணைத் தேடினேன். போர்டில் எழுதித்தான் இருக்கிறது, கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஜெர்மனியில் என்றால் மின்னஞ்சல் போட்டிருப்பேன். பதில் நிச்சயம் வரும், ஊஞ்சல் அவிழுமோ இல்லையோ.

நாலாம் நாள் அம்மாவும் வந்தாள். முழங்கால் வலிக்காரி, கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஏற்கெனவே விஷயத்தை மூச்சுவிடாமல் சொல்லியிருந்தேன். அவள் ஊஞ்சல் பக்கமே திரும்பவில்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம், "தம்பிக்கு எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்தாள். கொள்ளிடத்துக்கு அந்தாண்டை ஏதோ ஊர். அம்மாவின் நாத்தனாரைக் கொடுத்த ஊருக்கு அடுத்த ஊராம். அந்தக் கோயில் குளம், போன வருஷத்துத் தண்ணி, யாரோ ஒருவருடைய பெண் கல்யாணம். பத்து நிமிஷம் இருக்கும்.

"ஒங்க பேத்தியாக்கா? சொல்லவேயில்லையே" என்று என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். அதாவது, நான்கு நாளும் அது அந்தப் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது. ஏழு சுற்றும் பிரிந்தன.

வரிசை இரண்டாக உடைந்து ஓடியது. எல்லாரும் ஒரு சுற்று ஆடி முடித்ததும் அம்மா மெல்ல எழுந்து வந்து, புடவையை இடுக்கிக்கொண்டு அந்த நீலப் பலகையில் உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு வயது. போர்டு அவளுக்கு நேர் எதிரே இருக்கிறது. வாட்ச்மேன் ஹோஸைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார், விசில் வரவில்லை. பிள்ளைகள் எண்ணத் தொடங்கினார்கள். என் மகள் இருபதில் ஒரு கணம் நின்று, பல் விழுந்த பையனைப் பார்த்து, "இருபத்தொண்ணு" என்றாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் அந்த வழியாகத்தான் போனோம். கம்பி வேலிக்குள்ளே நீலப் பலகை பழையபடி சட்டத்தின் காலோடு ஒட்டிக் கிடந்தது. சுற்றை எண்ணுவதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.