கைமாறும் கம்பெனியா, கைமாறாத கம்பெனியா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களில் பலருக்கு இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்துவிடுகிறது. நாம் இருக்கும் கம்பெனியை யாரோ வாங்குகிறார்கள் என்று பேச்சு அடிபடும். அதே நேரம் அம்பத்தூரில் ஒரே குடும்பம் வருஷக்கணக்காக நடத்திவரும் கம்பெனியிலிருந்து அழைப்பு வரும். போவதா, இருப்பதா? தரக்கட்டுப்பாட்டில் இருந்த எனக்கும் இது வந்தது. நான் போகவில்லை. அதனால் கீழே எழுதியிருப்பதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஒரே குடும்பம் நடத்தும் முதலாளி கம்பெனியின் நல்லது கெட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தீபாவளி போனஸ் தவறாது. பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று நேரில் போய்க் கேட்டால் அட்வான்ஸ் கிடைக்கும். ஆனால் மேலே இருக்கும் நாற்காலி மச்சானுக்கோ மருமகனுக்கோ போய்விடும். சம்பளம் ஏறும், ஆனால் மெதுவாக.

கைமாறும் கம்பெனியில் முதல் வருஷம் தலைவலிதான். பழைய மேனேஜர் ஒன்று சொல்வார், புதிதாக வந்தவர் வேறொன்று சொல்வார். எங்கள் லைனில் நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். முன்பெல்லாம் அளவு தப்பிய பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போகும். மாதக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கினால் சூப்பர்வைசர் வந்து, "இது போகும் சார், விடுங்க" என்பார். அதில் பாதி திரும்ப லைனுக்கு வந்துவிடும். புது நிர்வாகம் வந்த பிறகு தொட்டியில் விழும் ஒவ்வொரு பாகத்துக்கும் காரணம், தேதி, ஆள் பெயர் எல்லாம் எஸ்ஏபி என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் ஏற வேண்டும். வாடிக்கையாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒன்றும் வெளியே போகாது. ஆரம்பத்தில் எல்லோரும் திட்டினோம். ஆனால் இன்று ஆடிட்டர் எதிரில் தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிறது என்றால் அந்தப் பழக்கத்தால்தான். இன்னொரு கம்பெனி இன்டர்வியூவில் விலை போவதும் இதுதான்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். வாங்கும் கம்பெனியில் ஏற்கனவே அக்கவுன்ட்ஸ், பர்ச்சேஸ், எச்ஆர் எல்லாம் இருக்கும். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்ற கேள்வி முதலில் அங்கேதான் எழும். மெயின்டனன்ஸ், உற்பத்தி, தரம் ஆகியவை இயந்திரம் நிற்கும் இடத்திலேயே வேண்டும் என்பதால் அவ்வளவு சீக்கிரம் கை வைக்க மாட்டார்கள்.

இதெல்லாம் சரி, நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: பணித்தொடர்ச்சி, அதாவது பழைய சேவைக்காலம் அறாமல் எண்ணப்படுவது. அது உண்டா இல்லையா என்பது கம்பெனி கைமாறும்போது நமக்குத் தரும் கடிதத்தில் இருக்கிறது. பங்குகள் மட்டும் கைமாறினால் சட்டப்படி கம்பெனி அதேதான், நம் சேவைக்காலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆலையை மட்டும் தனியே விற்றால் வேலை கொடுப்பவரே மாறிவிடுகிறார். அப்போது இரண்டு விதமான கடிதம் வரலாம். ஒன்று, 'பழைய சேவை தொடர்ச்சியாகக் கொள்ளப்படும்' என்ற மாற்றல் கடிதம். இன்னொன்று, ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு மாத புரொபேஷனோடு தரும் புது ஆர்டர். சம்பளம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், அதனால் பலர் வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை வைத்துப் பார்ப்போம். பொதுவாகக் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷ எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 14 வருஷம் முடித்தவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 32,000 என்றால் கிராஜுவிட்டி சுமார் 2.58 லட்சம். இன்னும் பத்து வருஷம் கழித்து அந்த மாதத் தொகை 60,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடர்ச்சி இருந்தால் 24 வருஷத்துக்கும் அந்த 60,000-தான் கணக்கு: சுமார் 8.31 லட்சம். நடுவில் அறுந்திருந்தால் முன்பு வாங்கிய 2.58, பிந்தைய பத்து வருஷத்துக்கு 3.46, மொத்தம் 6.04 லட்சம்தான். அந்த 2.58 லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு வைத்தால் வட்டியிலேயே ஈடாகிவிடும் என்பார்கள். கணக்கு ஏறக்குறைய சரிதான். மாடி கட்டாமல், நகை வாங்காமல் பத்து வருஷம் வைத்திருப்பவர் தாராளமாக அப்படிச் செய்யலாம். ஆனால் நிரந்தரப் பணியில் ஐந்து வருஷம் முடிக்காதவர் ராஜினாமா கொடுத்தால் பழைய சேவைக்குக் கிராஜுவிட்டியே வராது.

பணத்தை விடப் பெரியது சீனியாரிட்டி. ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. புது ஆர்டர் வாங்கியவர் காகிதத்தில் நேற்று சேர்ந்தவர். ஆலை கைமாறும்போது சேவை அறாமல், சலுகை குறையாமல் தொடர வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும் என்று 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான். மேனேஜர்களுக்குக் கையில் இருக்கும் கடிதம்தான் எல்லாம்.

அம்பத்தூருக்குப் போனாலும் சேவைக்காலம் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். என் கடிதத்தில் தொடர்ச்சி எழுதியிருந்தது, அதனால் இருந்தேன். அந்த வரி இல்லாமல் ராஜினாமா கேட்டிருந்தால் இரண்டு இடமும் ஒன்றுதான், நானும் முதலாளி கம்பெனிக்கே போயிருப்பேன்.

மாற்றம் எப்போதும் வாங்குபவரோடு வரும் என்றும் இல்லை. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. குஜராத்தின் சனந்த் கார் ஆலையை டாடா வாங்கியது, தகுதியுள்ள ஊழியர்களுக்கு வேலை தருவதாகவும் சொன்னது. மறைமலைநகர் ஆலையை யாரும் வாங்கவில்லை, அப்போது அங்கே பேச்சு முழுக்க இழப்பீட்டுத் தொகை பற்றித்தான் இருந்தது. இரண்டு ஆலைக்கும் வந்தது ஒரே அறிவிப்புதான். வாங்க ஆள் இருக்கிறாரா என்று தெரியாத கட்டத்தில் கையில் வேறு ஆஃபர் இருந்தால், இருங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது.

ஐடி கம்பெனிகளில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறவர்களுக்கு என் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே எனக்கு அனுபவமும் இல்லை. பிஎஃப் விஷயம் மட்டும் எல்லோருக்கும் பொது. இருந்தாலும் போனாலும் அதே யுஏஎன் எண்ணுக்கு (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) மாற்றிக்கொள்ளுங்கள், பணத்தை எடுத்துவிடாதீர்கள். மாத பென்ஷனுக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும், பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த எண்ணிக்கையும் முதலிலிருந்துதான்.