வாசலினா, சிலிக்கன் கிறீஸா? உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளுக்கு

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் தாண்டித் தினமும் தீவகம் போய்வரும் மோட்டார் சைக்கிளில், எஞ்சினுக்கு முன்பே வயர்களைப் பொருத்தும் கனெக்டர்கள் நோய்ப்பட்டுவிடும். உப்பு ஈரத்தோடு பற்றரியின் 12 வோல்ட்டும் சேர்ந்தால் செம்பு பச்சையாகப் பூத்து அரிக்கத் தொடங்கும்.

கறுப்பு டேப் சுற்றுவதால் பயனில்லை. வெயிலில் பசை இளகும். உள்ளே போன ஈரம் அங்கேயே தங்கும். 1953இல் உருவான டபிள்யூ.டி-40 என்ற தெளிப்பு எண்ணெய் நனைந்த கனெக்டரிலிருந்து நீரை விரட்டும். ஆனால் அந்த மெல்லிய படலம் மாரி முழுவதற்கும் தாங்காது.

மிஞ்சுவது இரண்டு: வாசலின், சிலிக்கன் கிறீஸ். எங்கள் கராஜ்களில் செல்லம் வாசலினுக்குத்தான். மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். பற்றரி முனைகளை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, காயவிட்டு இறுக்கிய பின் நானும் அதைத்தான் பூசுகிறேன். மற்ற இடங்களிலெல்லாம் சிலிக்கன் கிறீஸுக்கு மாறிவிட்டேன்.

காரணம், கனெக்டரின் இரு பாதிகளையும் பூட்டி வைக்கும் பிளாஸ்டிக் கொக்கி. வாசலின் எஞ்சின் சூட்டில் உருகி வழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாரிக்கு முன்பும் கழற்றிப் பூச வேண்டும். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபின் பல வருடங்கள் பழைய வண்டிகளையே இழுத்துப் பிடித்து ஓட்டினோம். அவற்றின் கொக்கிகள் காய்ந்த பனையோலை மாதிரி. அடிக்கடி கழற்றினால் ஒருநாள் முறியும். முறிந்த கனெக்டர் பள்ளம் விழும்போதெல்லாம் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். சிலிக்கன் கிறீஸ் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை வழியாமல் நிற்பதால், ஒருமுறை பூசி மூடிவிட்டால் வெகுகாலம் திறக்கத் தேவையில்லை. வாசலின் சில வகை றப்பர் வளையங்களை ஊத வைப்பதும் உண்டு.

மின்சாரம் கடத்தாத கிறீஸை முனையில் பூசலாமா என்று கராஜில் சண்டைக்கு வருவார்கள். கனெக்டரின் ஊசி துளைக்குள் இறுக நுழையும்போது கிறீஸ் ஒதுங்கி, உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். மிச்சம் சுற்றிலும் நின்று ஈரத்தைத் தடுக்கும். முதலில் பச்சையைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கிறீஸுக்கு அடியிலும் அரிப்பு தொடரும்.

இரண்டு இடங்களில் மட்டும் இது ஆகாது. பொறி பறக்கும் சுவிட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனைகளில் சிலிக்கன் எரிந்து மின் கடத்தாத படிவாகிவிடும். புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சாரையும் கெடுக்கும்.

நான் கைவைத்தவை மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும்தான். ஹைபிரிட் கார்களின் செம்மஞ்சள் வயர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் கொண்டவை. அவற்றைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.