அலுமினியத்திலிருந்து ஸ்டீல் சிலிண்டருக்கு: இடுப்பு ஈயத்தில் எவ்வளவு குறையும்?

புதுச்சேரியில் ஸ்கூபா பழகிய காலம் முழுக்க என் முதுகில் இருந்தது ‘அலுமினியம் 80’ என்ற 11.1 லிட்டர் காற்று சிலிண்டர். வேலைக்காக மால்டா வந்தபின் 12 லிட்டர் ஸ்டீல். மிதக்காமல் மூழ்குவதற்கு இடுப்பு பெல்ட்டில் ஈயக்கட்டிகள் மாட்டுவோம், அது எவ்வளவு என்பது சிலிண்டரைப் பொறுத்து மாறும். இரண்டையும் பல வருடங்கள் பயன்படுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

காலியாகும்போது அலுமினியம் எடை குறையும், ஸ்டீல் குறையாது என்று பலர் நம்புகிறார்கள். குறைவது உலோகம் இல்லை, காற்று. 11.1 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) நிரப்பினால் காற்று மட்டுமே கிட்டத்தட்ட 2.7 கிலோ. அதே அளவு காற்றைச் சுவாசித்தால் ஸ்டீலிலும் அதே எடைதான் போகும். வித்தியாசம் தொடக்கத்தில் இருக்கிறது. அலுமினியத்துக்கு வலு குறைவு என்பதால் சுவர் தடிமனாக வேண்டும். வெளிப்பருமன் கூடி, அதிகத் தண்ணீரை விலக்குகிறது. அதனால் அலுமினியம் 80 முழுதாக நிரம்பியிருக்கும்போது முக்கால் கிலோ அளவுக்கு மூழ்கும், காலியானால் 2 கிலோ மேலே இழுக்கும். என் ஸ்டீல் காலியானாலும் மூழ்கும் பக்கம்தான்.

இதைக் கடைசி பத்து நிமிடத்தில் உடம்பே சொல்லிவிடும். மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் சில நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப், அழுத்தம் காட்டும் கேஜில் 60 பார்: அலுமினியத்தின் அடிப்பாகம் மெல்லக் கிளம்பி இடுப்பைத் தூக்கும், தலை கீழே சாயும். ஈயத்தில் ஒரு கிலோவை பெல்ட்டிலிருந்து எடுத்து, சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் கட்டிய பட்டைக்கு மாற்றினால் உடம்பு நேராகிவிடும். ஸ்டீலில் இந்தத் தொல்லையே இல்லை. அதே வெட்சூட்டில் (குளிர் தாங்கும் டைவிங் உடை) எனக்கு இரண்டரை கிலோ ஈயம் குறைந்தது. மால்டாவில் பாறைமேல் நடந்து கடலில் இறங்குபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று முழங்காலைக் கேட்டால் தெரியும்.

எந்த சிலிண்டரானாலும் ஈயத்தை டைவ் முடிவில் சரிபாருங்கள். 50 பாரில், பி.சி.டி.யில் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) காற்றே இல்லாமல், 5 மீட்டரில் நிலையாக நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் கணக்கு. ஆரம்பத்தில் காற்றின் எடையும் சேர்ந்து இருக்கும், அதை பி.சி.டி. சமாளிக்கும்.

ஸ்டீலில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. மெல்லிய சூட்டோடு 15 லிட்டர் ஸ்டீலைச் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெல்ட்டில் ஈயமே இருக்காது. ஆழத்தில் பி.சி.டி. கிழிந்தால், மேலே வருவதற்குக் கழற்றிப் போட என்ன இருக்கிறது? வெதுவெதுப்பான கடலில் 3 மி.மீ. சூட் என்றால் நான் இன்றும் அலுமினியத்தைத்தான் கேட்டு வாங்குகிறேன்.