ராஜபாளையம் நாய்க்கு கார் ஹார்னஸ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வீரா 30 கிலோ எடையுள்ள ராஜபாளையம். மதுரையிலிருந்து கொடைக்கானல் போகும்போதெல்லாம் பின்சீட் அவனுக்குத்தான். நாயின் மார்பைச் சுற்றி மாட்டி சீட் பெல்ட்டோடு பிணைக்கும் இந்த ஹார்னஸை சில வருடமாகப் பயன்படுத்தியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம், பெரிய நாயின் சௌகரியம் பஞ்சு வைத்த பட்டையில் இல்லை, அளவில் இருக்கிறது.

ராஜபாளையத்தின் உடல்வாகு தனி. மார்பு ஆழமாக இறங்கியிருக்கும், இடுப்பு ஒட்டியிருக்கும், முடி குட்டை. லாப்ரடார் உடம்புக்குத் தைத்த ஹார்னஸை மாட்டினால் மார்பில் இறுக்கும், வயிற்றுப் பக்கம் லொடலொடவென்று கிடக்கும். அப்படித் தளர்ந்த பட்டை நகர்ந்து நகர்ந்து அக்குளில் உரசித் தோலைச் சிவக்க வைத்துவிடும். அதனால் எடையை மட்டும் பார்த்து சைஸ் எடுக்காதீர்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் டேப்பைச் சுற்றி மார்பளவு எடுங்கள். மாட்டிய பிறகு பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான். முன்பக்கம் ஒய் வடிவத்தில் நெஞ்செலும்பின் மேல் அகலமாகப் படிவது நல்லது. தோளைக் குறுக்கே கட்டும் பட்டை காலை நீட்டிப் படுக்க விடாது.

அடுத்தது உறுதி. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 30 கிலோ நாய் ஹார்னஸை சுமார் 600 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு இழுக்கும். நடைக்கு மாட்டும் சாதாரண ஹார்னஸின் பிளாஸ்டிக் பக்கிளை நம்பி அந்த விசையை விட முடியுமா? அமெரிக்காவின் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி அமைப்பு 2013இல் நாய் பொம்மைகளை வைத்து மோதல் சோதனை நடத்தியபோது, ஸ்லீப்பிபாட் நிறுவனத்தின் கிளிக்கிட் யுட்டிலிட்டி ஹார்னஸ் முதலிடம் பெற்றது. இறக்குமதி விலை கட்டுப்படியாகாதவர்கள், காரின் சீட் பெல்ட்டே ஹார்னஸின் முதுகுப் பட்டைக்குள் நுழைந்து போகும் அமைப்பைத் தேடலாம். எங்களுடையது அந்த வகை. சோதனைச் சான்று இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

ஹார்னஸை சீட்டோடு இணைக்க நீளமான பட்டையும் எலாஸ்டிக் பட்டையும் வேண்டவே வேண்டாம். நாய்க்கு சுதந்திரமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் மோதும்போது அந்த நீளம் முழுவதும் பாய்ந்து முன்சீட்டில் போய் அடிக்கும். கழுத்துப் பட்டையில் மாட்டுவது அதைவிட ஆபத்து. உட்காரவும் படுக்கவும் முடிகிற நீளமே போதும்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஏறும்போதுதான் இதன் அருமை தெரியும். கட்டில்லாத நாய் ஒவ்வொரு வளைவிலும் கால் வழுக்கித் தடுமாறும். வீரா இப்போது முதல் சில வளைவுகளிலேயே படுத்துவிடுகிறான். காலடிப் பள்ளத்தில் துணிப்பையை அடைத்து மேலே கனத்த விரிப்பைப் போட்டதும் இதற்கு உதவியது.

குறைகளும் உண்டு. மார்பு மெத்தை தடிமன், மே மாத வெயிலில் உள்ளே சூடு தங்கிவிடுகிறது. வண்டி நின்றவுடன் கழற்றிவிடுவேன். சரிசெய்யும் வளையங்கள் மெல்ல நழுவுகின்றன, அதனால் நீண்ட பயணத்துக்கு முன் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. தையல் இன்னும் பிரியவில்லை, பட்டை ஓரம் மட்டும் லேசாக நார் விட்டிருக்கிறது. அந்த நார் தையல் வரை போனால் மாற்றிவிடுவேன், அதே வகையைத்தான் வாங்குவேன். பெரிய மோதலில் சிக்கிய ஹார்னஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி மாட்டக் கூடாது.