ஜூடோவா, ஐகிடோவா? நான் ஏன் ஜூடோவில் சேர்ந்தேன்

இரண்டுக்கும் வேர் ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜூஜுட்சுதான். பாய், பட்டை, அடிபடாமல் விழப் பழகும் உகேமி எல்லாம் இரண்டிலும் உண்டு. ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் ஜூடோவைத் தொடங்கினார். ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயேஷிபா 1915-இல் ஹொக்கைடோவில் சொகாகு தகேதாவைச் சந்தித்து தைதோ-ரியூ என்ற ஜூஜுட்சு வகையைக் கற்றவர். பிறகு ஓமோட்டோ என்ற ஜப்பானியப் புதுச் சமயத்தின் தாக்கமும் சேர்ந்துதான் ஐகிடோ உருவானது.

என்னை ஜூடோ பக்கம் இழுத்தது ரன்டோரி, அதாவது எதிராளி விட்டுக்கொடுக்காமல் நிற்கும் பயிற்சி. குத்து, உதை போன்ற ஆபத்தான அடிகளைக் கானோ, 'கதா' என்ற ஒத்திகைக்கு ஒதுக்கிவிட்டார். மிச்சமிருப்பதை முழு பலத்தோடு தினமும் செய்யலாம். ஜூடோவின் உயிரே இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன்.

செயோய் நாகே என்ற தோள் வீச்சையே பாருங்கள். சட்டைக்கையை இழுத்து எதிராளியின் எடையை அவர் கால்விரலுக்குக் கொண்டுவந்த பிறகே முதுகைக் கொடுத்துத் தூக்க வேண்டும். ஒத்திகையில் அழகாக வரும். ரன்டோரியில் அவர் இடுப்பை இறக்கிப் பின்னால் சாய்ந்துவிடுவார், வீச்சு பாதியிலேயே நின்றுவிடும். சரி, பின்னால்தானே சாய்கிறார்? உடனே திரும்பி, ஓஉச்சி காரியில் உள்ளிருந்து அவர் காலை வாரி, சாய்ந்த பக்கமே தள்ளலாம். எதிர்ப்பவர் இல்லாமல் இந்த நிதானம் உடம்பில் ஏறாது. 'குறைந்த முயற்சியில் நிறைந்த பயன்' என்ற கானோவின் கொள்கை எனக்குப் புரிந்ததும் இங்கேதான்.

ஐகிடோவில் பெரும்பாலும் தாக்குபவர் யார், விழுபவர் யார் என்பது முன்பே முடிவானது. மணிக்கட்டைப் பிடித்தால் ஷிஹோநாகே என்ற, கையை மடக்கி வீழ்த்தும் வீச்சு, அவ்வளவுதான். ஆனால் நான் அங்கே தொடக்க வகுப்புகளோடு நின்றவன். மூத்தவர்கள் கையில் அது எப்படி மாறும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கானோவே 1930-இல் உயேஷிபாவின் கலையைப் பார்த்து வியந்து, மினோரு மொசிசுகி போன்ற தன் மாணவர்களை அவரிடம் அனுப்பினார்.

ஜூடோ முழங்காலையும் தோள்பட்டையையும் பதம் பார்க்கும். ஏற்கெனவே மூட்டுவலி இருப்பவருக்கு நான் ஐகிடோவைத்தான் சொல்வேன். அப்புறம், கானோ வழியில் வந்த கென்ஜி தொமிகி ஐகிடோவுக்குள்ளும் ரன்டோரியைக் கொண்டுவந்தார். அவர் வழிப் பள்ளி பக்கத்தில் இருந்தால், முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.